செமாண்டிக் வெப்: படிக்கலாமா, மனப்பாடம் பண்ணிவிட்டுப் போகலாமா?

03-03-2024, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

நூலகவியல் முதுகலை கடைசி வருடம். இந்தப் பருவத்தில் செமாண்டிக் தொழில்நுட்பங்கள் என்று ஒரு தாள். ஆர்டிஎஃப், ஆவுல், ஸ்பார்க்கிள், ஆண்டாலஜி என்று வரிசையாகப் பெயர்கள், அடுக்கு கேக் மாதிரி ஒரு படம். படத்தை வரையத் தெரியும், எதற்கு என்றுதான் தெரியவில்லை. கூடப் படிக்கிறவர்கள் "அது எப்பவோ செத்துப்போன சமாச்சாரம், இப்போ எல்லாம் ஏஐ, பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணு போதும்" என்கிறார்கள். நிஜமாகவே யாராவது இதைப் பயன்படுத்துகிறார்களா?

03-03-2024, இரவு 10.40

தம்பி, செமாண்டிக் வெப், அதாவது வலையில் இருக்கும் தகவலைக் கணினிக்கும் அர்த்தம் புரியும்படி எழுதி இணைக்கிற முயற்சி, செத்துப்போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் குடியிருக்கிறது. கூகுளில் ஓர் ஊரின் பெயரைத் தட்டினால் ஓரத்தில் ஒரு பெட்டியில் மக்கள்தொகை, பரப்பளவு, படம் எல்லாம் வருகிறதே, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 2012 மே மாதம் நாலெட்ஜ் கிராஃப் என்று பெயர் வைத்து வெளியே விட்டார்கள்.

அந்தக் கேக் படத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஓர் எக்செல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கட்டம். எந்த வரிசை, எந்தப் பத்தி, உள்ளே என்ன, இந்த மூன்றும் தெரிந்தால் அந்தக் கட்டத்தைப் பற்றி வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை. வரிசை ஒரு நூல், பத்தி "வெளியான ஆண்டு", உள்ளே 1954. இதை ஒரு வரியாக எழுதுங்கள்: இந்த நூல் – வெளியான ஆண்டு – 1954. டிரிப்பிள் என்று உங்கள் பாடத்தில் பயமுறுத்துவது இதைத்தான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். எந்த அட்டவணையையும் இப்படிக் கட்டம் கட்டமாக உதிர்த்துவிடலாம். பத்திகள் வேறுவேறாக இருக்கும் இரண்டு அட்டவணைகளை ஒட்டவைக்க முடியாது, தலைவலி. உதிர்த்துவிட்டால் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டலாம். ஆர்டிஎஃப் அவ்வளவுதான். 1999-இல் வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி தரமாக அறிவித்தது.

மீதி நாளைக்கு.

04-03-2024, காலை 7.05

உதிர்ப்பது சுலபம். கொட்டின குவியலில் எது எதோடு சேரும் என்பதில்தான் வில்லங்கம்.

உங்கள் தாளில் "சேலம்" என்று இருக்கிறது. எந்தச் சேலம்? மாம்பழச் சேலமா, 1692-இல் சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்களே அந்த மாசசூசெட்ஸ் சேலமா, ஆரிகன் மாநிலத்தின் தலைநகரான சேலமா? டீக்கடையில் "சேலத்துக்கு எப்போ பஸ்" என்று கேட்கிறவரிடம் நாம் இதை விசாரிப்பதில்லை. கணினிக்கு மூன்றும் ஒரே எழுத்துக் கோவை.

அதனால் பெயரை நம்பாதே, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடு என்றார்கள். 2006-இல், வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ நான்கு விதிகள் எழுதினார். சுருக்கினால் இப்படி வரும்: பொருள்களுக்கு யூஆர்ஐ (தனி அடையாளம்) வை, அது உலாவியில் திறக்கிற எச்டிடிபி முகவரியாக இருக்கட்டும், அந்த முகவரிக்குப் போனால் உபயோகமாக ஏதாவது கிடைக்கட்டும், அங்கிருந்து மற்றவர்களுடைய முகவரிகளுக்கு இணைப்பும் இருக்கட்டும். நான்காவதுதான் உயிர், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நேரில் பார்க்க, விக்கிப்பீடியா மாதிரி யாரும் திருத்தக்கூடிய தரவுக் களஞ்சியமான விக்கித்தரவுக்குப் போங்கள். 2012 அக்டோபரில் தொடங்கியது, 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் க்யூ என்று தொடங்கும் எண். பிரபஞ்சத்துக்கு க்யூ1, பூமிக்கு க்யூ2, தமிழ்நாட்டுக்கு க்யூ1445, சென்னைக்கு க்யூ1352. மெட்ராஸ் என்று சொன்னாலும் சென்னை என்று சொன்னாலும் எண் ஒன்றுதான். ஊர்ப் பெயர் மாற்றம் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும், க்யூ1352 அசையாது.

04-03-2024, இரவு 9.50

எழுவாய், பயனிலை என்று எழுதியதற்கு ஒரு தமிழாசிரியர் தனிச்செய்தியில் காதைத் திருகினார். "மதுரை பெரிய ஊர்" என்றால் "ஊர்" பயனிலை, வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடுகிறது, உங்கள் ஆர்டிஎஃப்பில் நடுவில் இருப்பது பயனிலையே அல்ல, இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவின் பெயர் என்கிறார். சரிதான். "உறவு" என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் மட்டும் பாடநூலில் என்ன இருக்கிறதோ அதையே எழுதிவிடுங்கள், மார்க் போடுகிறவர் நானில்லை.

05-03-2024, இரவு 11.20

"உங்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டா, இல்லை படித்துவிட்டுச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அவமானமும் உண்டு.

2009-இல் ஒரு தனியார் நூல் சேகரத்துக்கு (பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்) அட்டவணை செய்யும் வேலை. பதினோராயிரம் அட்டைகள், மரப்பெட்டி இழுப்பறைகளில். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் நடுவில் ஒரு ஓட்டை, அதில் கம்பி நுழைத்திருப்பார்கள், யாரும் உருவிக்கொண்டு போகக்கூடாதென்று. தட்டச்சு செய்த எழுத்துக்கு மேலே பென்சிலில் திருத்தங்கள். "2-ம் பதிப்பா?" என்று ஒரு கை எழுதியிருக்கும், பக்கத்திலேயே இன்னொரு கை "இல்லை" என்று எழுதியிருக்கும். அந்த "இல்லை"யை எழுதியது யார், எதை வைத்துச் சொன்னார் என்று தெரியாது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சேகரத்திலேயே விலைமதிப்புள்ளது அந்தப் பென்சில்தான்.

நாங்கள் அன்று செமாண்டிக் வெப் பைத்தியத்தில் இருந்தோம். அட்டையை டிரிப்பிளாக உதிர்த்தோம். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் யூஆர்ஐ கொடுத்தோம், எல்லாம் எங்கள் திட்டத்தின் சொந்த டொமைனில் தொடங்கும். நல்ல முகவரி மாறாது என்று பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதியதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். 2011-இல் பணம் தீர்ந்தது, ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன ஒருவருடைய முகவரிக்கு வருடா வருடம் போய்க்கொண்டிருந்தது. 2013-இல் டொமைன் கைவிட்டுப் போனது. வாங்கினது யார் தெரியுமா? சீட்டாட்டத் தளம் நடத்துகிறவர். இன்றைக்கும் அந்தப் பதினோராயிரம் நூல்களின் "நிலையான முகவரி" ஒவ்வொன்றும் ரம்மி ஆடக் கூப்பிடுகிறது.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் 1995-இலேயே பர்ல் என்று ஒன்று ஏற்பாடு செய்தார்கள். முகவரி அவர்களிடம், அது எங்கே போக வேண்டும் என்பது நம் கையில், நாம் வீடு மாறினால் அங்கே சொல்லிவிட்டால் போதும். நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி நடத்தியது, 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் கைக்குப் போனது. எங்களுக்கும் அது தெரியும். சொந்த டொமைன் என்றால் கௌரவமாக இருக்குமே என்று பார்த்தோம்.

06-03-2024, காலை 6.30

பழைய மின்னஞ்சலைத் தோண்டினேன். டொமைன் கைவிட்டுப் போனது 2013 இல்லை, 2012 நவம்பர். கூடவே இன்னொன்று ஞாபகம் வந்தது. பாதுகாப்புக்காக எங்கள் ஆசிரியர் பட்டியலில் பாதியை ஃப்ரீபேஸ் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தோடு இணைத்து வைத்திருந்தோம். 2010-இல் கூகுள் அதை வாங்கியபோது "இனி கவலையில்லை, கூகுளே வந்துவிட்டது" என்று டீ வாங்கிக் கொடுத்தவன் நான்தான். 2016-இல் கூகுள் ஃப்ரீபேஸை இழுத்து மூடியது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தோம், இரண்டும் வழுக்கிவிட்டது.

06-03-2024, இரவு 10.15

செத்துப்போனது என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எது செத்தது என்று பார்க்க வேண்டும்.

2001 மே சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் பீட், லூசி என்று அண்ணன் தங்கை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிசியோதெரபி தேவை. ஆளுக்கொரு மென்பொருள் ஏஜெண்ட். அது மருத்துவரின் ஏஜெண்டிடம் சிகிச்சை விவரம் கேட்கும், காப்பீட்டில் வரும் மையங்களைத் தேடும், 20 மைலுக்குள் இருக்கிறதா, நல்ல பெயர் உள்ள இடமா என்று பார்க்கும், இரண்டு பேருக்கும் ஓய்வான நேரத்தோடு பொருத்தி அட்டவணை போட்டுக் கொடுக்கும். எல்லாம் சில நிமிடங்களில்.

படித்தபோது எனக்குப் புல்லரித்தது. பின்னால் என் அம்மாவுக்கே பிசியோதெரபி தேவைப்பட்டது. நான் செய்தது என்ன? ஒரு காகிதத்தில் நான்கு எண்களை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். ஓரிடத்தில் "டாக்டர் சாயங்காலம் வருவார், வந்து பாருங்க" என்றார்கள். "வருவார்" என்பதை, பொருள்களின் வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் எந்த ஆண்டாலஜியில் போடுவது?

அந்தக் கனவுக்கு உலகத்து கிளினிக் எல்லாம் தன் நேரத்தையும் கட்டணத்தையும் ஒரே ஒழுங்கில் உண்மையாக எழுதிவைக்க வேண்டும். கிளினிக்காரருக்கு அதனால் என்ன லாபம்? ஏஜெண்ட் கனவு அங்கேதான் உட்கார்ந்துவிட்டது. அதற்கடியில் இருந்த சாதாரணச் சரக்கு, அதாவது பொருளுக்கு ஓர் எண், உறவுக்கு ஒரு பெயர், இரண்டையும் இணைப்பது, அது மட்டும் பிழைத்து ஊரெல்லாம் பரவிவிட்டது.

07-03-2024, காலை 7.40

முக்கியமான திருத்தம். மூன்றாம் தேதி "தம்பி" என்று எழுதிவிட்டேன். கேட்டவர் தங்கச்சி. மன்னிக்கவும் அம்மா. எழுதியதில் ஆணென்றும் இல்லை பெண்ணென்றும் இல்லை, நானாக நிரப்பிக்கொண்டேன்.

சரி, தப்பு செய்ததோடு பாடமும் நடத்திவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டாலஜி எழுதும் மொழியான ஆவுல் படிக்கிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கல்யாண மொய் நோட்டு இருக்கிறதே, அதில் பெயர் இல்லை என்றால் அவர் மொய் எழுதவில்லை, பேச்சே கிடையாது. அடுத்த விசேஷத்தில் அதை வைத்துத்தான் கணக்கு. இது மூடிய உலகம், வழக்கமான டேட்டாபேஸ் எல்லாம் மொய் நோட்டுதான். பாட்டி சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிறார், "பெரியவனுக்கு ரெண்டு பசங்க" என்கிறார். இளையவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பிள்ளை இல்லை என்றா அர்த்தம்? பாட்டி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். இது திறந்த உலகம். ஆவுல் பாட்டி கட்சி. சொல்லாததை இல்லை என்று எடுத்துக்கொள்ளாது.

இதனால் வரும் கூத்து ஒன்று. "ஒருவருக்கு ஒரே ஒரு தாய்தான்" என்று ஆவுலில் விதி எழுதுகிறீர்கள். தரவில் முத்துவின் தாய் லட்சுமி என்று ஓரிடத்தில், முத்துவின் தாய் சரசு என்று இன்னோரிடத்தில். டேட்டாபேஸாக இருந்தால் பிழை என்று கத்தும். ஆவுல் கத்தாது. "ஓகோ, அப்படியானால் லட்சுமியும் சரசுவும் ஒரே ஆள்" என்று நிதானமாக முடிவுக்கு வரும். இருவரும் வேறுவேறு என்று நீங்கள் தனியாகச் சொல்லியிருந்தால்தான் முரண்பாடு என்று நிற்கும். கத்துவதற்கென்றே 2017-இல் ஷாக்கிள் என்று தனியாக ஒரு தரம் கொண்டுவந்தார்கள்.

(ஆவுல் என்பது 2004-இல் வந்த வெப் ஆண்டாலஜி லாங்வேஜ். எழுத்துகளை வரிசையாக எடுத்தால் "வோல்" மாதிரி ஏதோ வரவேண்டும். ஆந்தை என்று வரட்டுமே என்று மாற்றிக்கொண்டார்கள். தேர்வில் எழுத வேண்டாம்.)

07-03-2024, மதியம் 1.10

"அப்படியானால் ஆவுல் யாருக்குத்தான் பயன்?" மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும். மரபணுக்களின் வேலைகளை வகைப்படுத்தும் ஜீன் ஆண்டாலஜி 1998-இல் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. மருத்துவச் சொற்களஞ்சியமான ஸ்னோமெட் சிடியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகள் இருக்கின்றன, எது எதன் வகை என்று கையால் சரிபார்க்க முடியாது, தர்க்க எந்திரம்தான் பார்க்கிறது. உங்கள் நூலகத்துக்கு அது தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை.

08-03-2024, இரவு 11.45

பென்சில் பற்றி எழுதியதிலிருந்து ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சேகரத்தில் ஒரே தலைப்பெழுத்து, ஒரே பெயர் கொண்ட ஆசிரியர் உள்ளீடுகள் ஏழெட்டு இருந்தன. ஒன்றில் கவிதை, ஒன்றில் கணக்குப்பதிவியல், ஒன்றில் மொழிபெயர்ப்பு. நான் ஒரு நிரல் எழுதினேன்: பெயர் ஒன்று, ஊர் ஒன்று என்றால் இருவரும் ஒரே ஆள் என்று போடு. அதற்கு ஆவுலில் "சேம்ஆஸ்" என்று ஓர் உறவு இருக்கிறது. சின்னச் சொல், ஆனால் அசுரச் சொல். அ என்பவரும் ஆ என்பவரும் ஒன்று என்று சொல்லிவிட்டால் ஒருவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றவரையும் போய்ச் சேரும். ஆ-வும் இ-யும் ஒன்று என்று வேறொருவர் சொல்லியிருந்தால் அ-வும் இ-யும் ஒன்றாகிவிடும். யாரையும் கேட்காது.

விளைவு, 1938-இல் இறந்துபோன கவிஞர் 1967-இல் வணிகவியல் மாணவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை பற்றி நூல் எழுதினார். அதுகூடச் சிரிப்பாகப் போயிருக்கும். கவிஞரின் பேத்தி ஒரு நாள் வந்தார், தாத்தாவின் புத்தகங்கள் திரையில் வருகிறது என்று யாரோ சொல்லிக் கேட்டு. திரையில் தாத்தாவின் பெயருக்குக் கீழே கணக்குப்பதிவியல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அவருக்குக் கணக்கே வராதுன்னு பாட்டி சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார். நான் இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். பென்சிலில் இருந்தது: "இவர் வேறு." யாரோ ஒரு நூலகர் எனக்கு முப்பது வருடம் முன்னாலேயே வேலையை முடித்து வைத்திருக்கிறார். நாங்கள் தட்டச்சு எழுத்தை மட்டும் உள்ளிட்டோம், பென்சிலை விட்டுவிட்டோம்.

நூலகவியல் படிக்கிறவரிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஆசிரியர் யார், அவரை எந்தப் பெயரில் பதிவது என்று முடிவுசெய்து வைக்கும் அத்தாரிட்டி ஃபைல் என்று படித்திருப்பீர்களே, சலிப்பான பாடம் என்று தூங்கியிருப்பீர்களே, செமாண்டிக் வெப்பில் பத்துக்கு எட்டுப் பங்கு அதுதான். உலக நூலகங்களின் அத்தாரிட்டி ஃபைல்களை ஒன்றோடொன்று இணைக்கும் வயாஃப் 2003-இல் தொடங்கியது. தர்க்கம் தெரிந்தவர்கள் மொழியை உருவாக்கினார்கள், "இவர் வேறு" என்று எழுதத் தெரிந்தவர்கள்தான் அதில் போட ஏதாவது கொடுத்தார்கள்.

"ஒன்று" என்று அடித்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் தலைப்புச் சொற்பட்டியல்களுக்கென்று 2009-இல் வந்த தரமான ஸ்கோஸில் "ஏறத்தாழ ஒன்று" என்று சொல்லும் உறவும் இருக்கிறது. அந்த வருடமே வந்தது, எனக்குத் தெரிந்துகொள்ளச் சோம்பல்.

09-03-2024, மாலை 5.30

இந்த டிரிப்பிள் குவியலிடம் கேள்வி கேட்பது எப்படி என்று ஒருவர். அதற்கான மொழி ஸ்பார்க்கிள், 2008-இல் தரமானது. துளை விட்ட வாக்கியங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "?ஆள் – பிறந்த இடம் – ?ஊர்", "?ஊர் – அமைந்த மாவட்டம் – தஞ்சாவூர்", "?ஆள் – தொழில் – கவிஞர்". ஒரே பெயருள்ள துளைக்கு எல்லா வாக்கியத்திலும் ஒரே பொருள் பொருந்த வேண்டும். பொருந்துகிறவர்கள் எல்லோரையும் கொடு என்றால் கொடுக்கும். துளைகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், நான் வைக்கிறேன், ஓடுகிறது. விக்கித்தரவில் பொருள்களுக்கு க்யூ எண் மாதிரி உறவுகளுக்கு பி எண் போட வேண்டும்: "இன்ன வகை" என்பதற்கு பி31, பிறந்த இடத்துக்கு பி19.

விக்கித்தரவின் பொதுக் கேள்விப் பக்கத்தில் 60 நொடிக்குள் பதில் வரவில்லை என்றால் அறுத்துவிடும். முதல் வாரம் நீங்கள் எழுதுகிற எல்லாமே அறுபடும். கவலைப்படாதீர்கள். விடைப் பெயர்களைத் தமிழில் மட்டும் கேட்டால் பாதிக்கு வெறும் க்யூ எண்தான் வரும், தமிழ்ப் பெயரை யாரும் இன்னும் போடவில்லை என்று அர்த்தம்.

10-03-2024, காலை 10.00

மெட்டாடேட்டாவை (தரவைப் பற்றிய தரவை) மக்களே எழுதினால் பொய்தான் எழுதுவார்கள், சோம்பலில் விட்டுவிடுவார்கள் என்று 2001-இலேயே எழுத்தாளர் கோரி டாக்டரோ நக்கலடித்து எழுதிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. அப்புறம் நண்பர் ஒருவரின் மெஸ்ஸுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். ஸ்கீமா.ஆர்க் என்று 2011-இல் கூகுள், பிங், யாகூ சேர்ந்து கொண்டுவந்த சொல்தொகுதி, அதில் கடைத் திறப்பு நேரம், முகவரி எல்லாம் போட்டேன், அழகாகத் தேடலில் வந்தது. நண்பருக்கு ஆசை. "நட்சத்திரமும் போடலாமாமே?" போட்டார், தனக்குத் தானே ஐந்துக்கு ஐந்து. பக்கத்துத் தெரு மெஸ்காரர் ஐந்துக்கு ஐந்து போட்டு, கருத்துச் சொன்னவர்கள் 412 பேர் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் கடையில் மொத்தம் பன்னிரண்டு இலை போடலாம். 2019 செப்டம்பரில் இப்படித் தன் நிறுவனத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களைக் காட்டமாட்டேன் என்று கூகுள் நிறுத்தியது.

டாக்டரோ சொன்னது பாதி சரி. திறப்பு நேரத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, பூட்டிய கடைக்கு ஆள் வந்தால் திட்டு விழும்.

10-03-2024, இரவு 9.20

ஏஐ கேள்விக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அரட்டை எந்திரம் ஒன்றிடம் ஒரு சிற்றூரின் க்யூ எண்ணைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தது. போய்ப் பார்த்தால் அது ஏதோ ஒரு வண்டு இனம். "தவறு" என்றேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னோர் எண் கொடுத்தது, அது ஒரு கால்பந்து வீரர். ஆனால் ஸ்பார்க்கிள் கேள்வியின் எலும்புக்கூட்டை என்னைவிட வேகமாக எழுதுகிறது. எண்களை மட்டும் நான் தேடிப் போட்டுக்கொள்கிறேன். 2009-இல் இது இருந்திருந்தால் அட்டைகளை உதிர்க்க எங்களுக்கு ஆறு மாதம் மிச்சம். "இவர் வேறு" என்பதை அது சொல்லியிருக்குமா? அச்சில் எங்கேயும் இல்லாத சேதி, ஓர் இழுப்பறையில் பென்சிலில் இருந்தது. எங்களைப் போலவே அதுவும் இருவரையும் ஒட்டவைத்திருக்கும், அழகான நடையில்.

11-03-2024, காலை 6.50

மேலே எழுதியது கொஞ்சம் கிழவன் பேச்சாகிவிட்டது. அட்டையைப் படம் எடுத்துக் கொடுத்தால் பென்சிலையும் படிக்கும் காலம் இது, நாங்கள்தான் படமே எடுக்கவில்லை. தப்பு எங்களுடையது.

11-03-2024, இரவு 10.30

பெயர் விவகாரம். விக்கித்தரவில் ஆளுக்கு முதற்பெயர் பி735, குடும்பப் பெயர் பி734. நம் ஆட்களை உள்ளிடுகிற வெளியூர்க்காரர்கள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். நமக்குக் கடைசியில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர், முன்னால் இருப்பது அப்பா பெயரின் எழுத்து, சிலருக்கு ஊரின் எழுத்து. இதனால் தமிழ்நாட்டில் "முருகன்" என்று ஒரு மாபெரும் குடும்பம் இருப்பதாக எந்திரங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அப்பா பெயரைப் போட பி5056 இருக்கிறது, அதைப் போட்டுக் குடும்பப் பெயரை எடுத்துவிடுங்கள். ஒருவர் "இந்தச் சின்ன விஷயத்துக்கா" என்பார். நூலக அடுக்கில் புத்தகம் எந்த எழுத்தில் நிற்கும் என்பது சின்ன விஷயமா?

12-03-2024, இரவு 8.15

நம் தமிழாசிரியர் மறுபடி வந்திருக்கிறார், இந்த முறை பரிசோடு. திவாகர நிகண்டைப் பார் என்கிறார். பன்னிரண்டு தொகுதிகள். தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்குப் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருளை வைத்துப் பிரித்து, ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பதினோராவது தொகுதி ஒருசொல் பல்பொருள். திங்கள் என்றால் நிலவு, மாதம். நம் சேலம் பிரச்சினைக்குத் தனித் தொகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள்.

உடனே "செமாண்டிக் வெப்பை நாம்தான் கண்டுபிடித்தோம்" என்று யாரும் ஃபார்வர்டு அடிக்க வேண்டாம். வலை இல்லை, எண் இல்லை, எந்திரமும் இல்லை. ஆனால் "பொருள்" என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அர்த்தத்தையும் வஸ்துவையும் சேர்த்துச் சொல்கிற மொழியில், செமாண்டிக்கிற்கு என்ன தமிழ் என்று குழு போட்டு யோசிப்பதுதான் வேடிக்கை. (செல்வத்துக்கும் அதே சொல்தான், அது மட்டும் எங்கள் திட்டத்துக்கு வரவில்லை.)

14-03-2024, இரவு 9.40

கேள்வி கேட்ட தங்கச்சி ஒரு வேலையைத் தொடங்கிவிட்டார், அதனால் இந்தக் குறிப்பு. அவருடைய ஊர் ஒரு புதுப்பட்டி. விக்கித்தரவில் போய்ப் பார்த்தால் புதுப்பட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, எது தன்னுடையது என்று அரைமணி நேரம் தேடியிருக்கிறார், கடைசியில் வட்டத்தின் பெயரை வைத்துக் கண்டுபிடித்தார். அதில் மக்கள்தொகை 2001 கணக்கு. அழித்துவிட்டு 2011 போடலாமா என்று கேட்கிறார்.

அழிக்காதீர்கள். 2001 கணக்கும் அந்த ஆண்டில் உண்மைதான். புதிதாக இன்னொரு வரி சேர்த்து, எந்தத் தேதிக்கு உரியது என்பதை பி585-இல் போடுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற சான்றை அதன் கீழேயே போடுங்கள், பிறகு புதியதற்கு முன்னுரிமை கொடுங்கள். பழையது கீழே இருந்துவிட்டுப் போகட்டும். ஊரின் விளக்க வரியில் வட்டம், மாவட்டம் இரண்டையும் எழுதிவிடுங்கள், அடுத்து வருகிறவர் அரைமணி நேரம் தேடவேண்டாம்.

14-03-2024, இரவு 11.05

போட்டுவிட்டார். பார்த்தேன், சான்றும் சரியாக இருக்கிறது. தமிழ்ப் பெயர் இடம் காலியாக இருந்ததாம், ஊர்ப் பலகையில் "புதுபட்டி" என்றும் அஞ்சலக முத்திரையில் "புதுப்பட்டி" என்றும் இருக்கிறது, எதைப் போடுவது என்கிறார். ஒன்றைப் பெயராகவும் மற்றதை மாற்றுப் பெயராகவும் போடலாம், இரண்டுக்கும் இடம் உண்டு. எது பெயர், எது மாற்று என்பதை அந்தத் தமிழாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றுச் சண்டைக்கு நான் வரவில்லை.